இரண்டு ஊருக்கும் ஒரு பிரிட்டோ

"கழத்துடே, சீக்கிரம் கழத்து" என்று தொபியாஸ் அண்ணன் பக்கத்தில் நின்று விரட்டுகிறார், நான் என்ன வேண்டுமென்றா மாட்டிக்கொண்டு நிற்கிறேன், வியர்வையில் ஊறிய ஜெர்சி தோலோடு ஒட்டிக்கொண்டு தோளைத் தாண்டி வரமாட்டேன் என்கிறது, கைகள் இரண்டும் மேலே, முகம் மஞ்சள் துணிக்குள், விட்ட மூச்சே திரும்பி வந்து மூக்கில் இடிக்கிறது. இப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிடலாம் போலிருக்கிறது. இந்தத் துணிக்குள் தலை இருக்கும்வரை நான் எந்த ஊர்க்காரனும் இல்லை. வெளியே மைக்கில் கஸ்பார் அலறுகிறார், "இடைவேளை, இடைவேளை, வடலித்துறை ஒன்று, ஈச்சன்விளை பூஜ்யம், கோல் அடித்தவர் ஒன்பதாம் எண் பிரிட்டோ, இடைவேளைக்குப் பிறகு பிரிட்டோ ஈச்சன்விளைக்குக் களமிறங்குகிறார், வடலித்துறை ஜாக்கிரதை." கூட்டம் சிரிக்கிறது. மூன்றாவது வருஷமாக அதே நையாண்டி, மூன்றாவது வருஷமாக அதே சிரிப்பு. நான்தான் அந்தப் பிரிட்டோ, எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தொபியாஸ் அண்ணன் வடலித்துறை கிளப்புக்குச் செயலாளர், கைராசிக்காரர் என்று பெயர், அந்தக் கையால் ஜெர்சியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்ததில் காது மடல் எரிய அது கழன்று வருகிறது, உதறுகிறார், துளிகள் என் முகத்திலேயே தெறிக்கின்றன. காயப் போடுவார் என்று பார்த்தால் இல்லை, நேராக டெல்வினிடம் நீட்டுகிறார். டெல்வின் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவன், என் உயரம், என் தோள், ஆட்டம் மட்டும் என்னுடையதில் கால்வாசி. அவன் சட்டையில்லாமல் காத்து நிற்கிறான். "ஈரமா கெடக்கே அண்ணே" என்கிறான். "கெடக்கட்டும். திருவிழாவுல அந்தோணியார் காலடியில வச்சு சாமியார் மந்திரிச்சுத் தந்த ஒம்பதாம் நம்பராக்கும். அது களம் விட்டு எறங்கப்படாது. போடுலேய்." அவன் போடுகிறான். என் வியர்வை அவன் மார்பில் படும்போது அவன் உடம்பு சிலிர்க்கிறது, எனக்கும் சிலிர்க்கிறது, கடல்காற்றுதான், வேறென்ன. முதுகில் ஒன்பது, ஒன்பதுக்கு மேலே பிரிட்டோ என்று என் பெயர். போன வருஷம் முதுகில் பெயர் கிடையாது. இந்த வருஷம் திருப்பூரில் சொல்லி இரண்டு கிளப்பும் போட்டி போட்டுக்கொண்டு பெயர் அடித்து வாங்கியிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு பிரிட்டோ. பாதி ஆட்டத்துக்குப் பிறகு அந்தப் பெயர் யார் முதுகில் இருக்கும் என்று இத்தனை பெரிய மனிதர்களில் ஒருத்தருக்கும் யோசனை வரவில்லை பாருங்கள்.

இனி நான் நடக்க வேண்டும். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு, மைதானத்தின் குறுக்கே, சட்டையில்லாமல். அதுதான் முறை. ஒரு ஊர்க்காரன் கையில் கழற்றி, இன்னொரு ஊர்க்காரன் கையில் போட வேண்டும், நடுவில் உடம்பில் எந்த ஊர்த் துணியும் இருக்கக்கூடாது. மணல் இன்னும் சுடுகிறது. பொழிமுகத்து மணல், ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், மழைக்காலத்தில் இந்த மைதானமே தண்ணீருக்குள் போய்விடும், இதே இடத்தில் மீன் நீந்தும். வடலித்துறைக் கூட்டம் முதுகுக்குப் பின்னால் விசிலடிக்கிறது, "போய்ட்டு வா மாப்ள", "காலை பத்திரமா கொண்டு வா." நான்கு எட்டு வைத்தால் சத்தம் குறைகிறது. இன்னும் நான்கு எட்டு, இன்னும் குறைகிறது. நடுக்கோட்டில் ஓர் இடம் இருக்கிறது, போன வருஷமே கவனித்தேன், அங்கே போனால் இரண்டு பக்கச் சத்தமும் கேட்காது. வாய்கள் திறந்து மூடுவது தெரியும், கைகள் ஆடுவது தெரியும், கடல் இரைச்சல்கூட இருக்காது. காது அடைத்துக்கொண்டது என்று போன வருஷம் எச்சில் விழுங்கிப் பார்த்தேன். இந்த வருஷம் விழுங்கவில்லை. நின்றேன். என் மார்பைக் குனிந்து பார்த்தேன், தொப்புளைப் பார்த்தேன், கால் விரல்களைப் பார்த்தேன், எல்லாம் இருக்கின்றன. இருக்கின்றனவா என்று ஏன் பார்க்கிறேன்? ஒருத்தன் பட்டப்பகலில் ஊர் நடுவில் நின்று தன் விரல்களை எண்ணினால் அவனுக்குக் கோட்டி என்பார்கள். நடந்தேன். அந்தப் பக்கம் வியாகுலம் மாமா நீல ஜெர்சியைக் கோயில் பட்டுபோல இரண்டு கையிலும் ஏந்தி நிற்கிறார். அவர் ஈச்சன்விளைச் செயலாளர், அம்மாவுக்குத் தூரத்து அண்ணன், வடலித்துறை வாரங்களில் நான் அவரைச் செயலாளரே என்றும் ஈச்சன்விளை வாரங்களில் மாமா என்றும் கூப்பிட வேண்டியிருக்கிறது. அந்துருண்டை வாசம் தூக்குகிறது. திருப்பூரிலிருந்து வந்த நாள்முதல் அத்தை பீரோவில் மடித்து வைத்திருந்தது, மடிப்பு மார்பின் நடுவில் நேர்கோடாக விழுந்திருக்கிறது, எங்கே வெட்ட வேண்டும் என்று குறி போட்டதுபோல. "மக்கா" என்கிறார் மாமா, குரலில் தேன், "அவங்களுக்கு என்ன செஞ்சியோ அத எங்களுக்கும் செய்யணும். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். நாங்க பேராசக்காரங்க இல்ல." அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. இவர்களுக்குப் பாதியே போதும். முழுசு வேண்டும் என்று இவர்களில் யாருக்குமே அவசரம் இல்லை.

எனக்குத்தான் அவசரம். எங்கள் கரையில் அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் வீட்டை அளப்பார்கள், தோப்பை அளப்பார்கள், கடலுக்குப் போகிற வள்ளத்தை மட்டும் அளக்க மாட்டார்கள், வாளால் அறுத்தால் யாருக்கும் ஆகாது, அதனால் ஒரு வாரம் அண்ணனுக்கு, ஒரு வாரம் தம்பிக்கு, முறை வைத்து ஓட்டுவார்கள். அப்பா வடலித்துறை, அம்மா ஈச்சன்விளை. அம்மா ஊரில் பந்து பழகி அப்பா ஊருக்குக் கோல் அடித்தேன், அவ்வளவுதான் நான் செய்த குற்றம். யார் ஆள் என்று சண்டை வந்து, பொழிப் பாலத்தில் வைத்து மண்டைகள் உடைந்து, போலீஸ் வந்து, இரண்டு ஊர்ச் சாமியார்களும் வந்து உட்கார்ந்து பேசினார்கள். தொபியாஸ் அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தார், "வள்ளத்துக்கு முறை வச்சா ஓடுது, மனுசனுக்கு ஓடாதா?" எல்லோரும் கொள்ளாம் கொள்ளாம் என்று தலையாட்டினார்கள். ஒரு வாரம் அவர்களுக்குக் களி, ஒரு வாரம் இவர்களுக்கு. பந்தாட்டத்துக்கு எங்கள் பக்கம் களி என்றுதான் பெயர். வருஷத்தில் ஒருநாள் இரண்டு கிளப்பும் நேருக்கு நேர், முதல் பாதி ஒருவருக்கு, மறுபாதி மற்றவருக்கு, ஜெயிக்கிற ஊருக்கு நான் முழுசாகச் சொந்தம். சமமாக முடிந்தால் இன்னொரு வருஷம் முறை. நானும் அந்தக் கூட்டத்தில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், உனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை, வள்ளத்திடம் யார் கேட்பார்கள். முதல் வருஷம் ஒன்றுக்கு ஒன்று, இரண்டுமே நான் அடித்தது. போன வருஷம் கோலே இல்லை, இரண்டு பாதியிலும் நான் கம்பத்தில் அடித்தேன். குடியிருப்பதும் எந்த ஊரிலும் இல்லாமல் பாலத்தடியில் வாடகை வீடு. ஈச்சன்விளையில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால், இது எந்த முறையில் செய்த பாவம் என்று சாமியார் சிரிக்காமல் கேட்கிறார். இதெல்லாம் போகட்டும், இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். முறை மாறுகிற ஞாயிற்றுக்கிழமை காலைகளை எப்படிச் சொல்வது? எழுந்தால் ஒரு பக்கம் உடம்பு எனக்கு இல்லை. மரத்துப்போவது வேறு, அது எல்லோருக்கும் தெரியும், எறும்பு ஊறும், திரும்ப வரும். இது அப்படி இல்லை, அந்தப் பக்கம் எங்கேயோ வேறு இடத்தில் வேறு பாயில் படுத்திருக்கிறது, அங்கே உள்ள குளிர்கூட எனக்குத் தெரிகிறது. மெல்பா கிள்ளிப் பார்ப்பாள், மெல்பா என் மனைவி, வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை. போன வாரம் அவள் கேட்டாள், "வடலித்துறை மீன் ஏலத்துல ஒங்களப் பாத்தேன், கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்காம போனீங்களே, என்ன கோவம்?" அந்த நேரம் நான் ஈச்சன்விளையில் பயிற்சியில் இருந்தேன். இருந்தேன் என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

விசில். பந்து வருகிறது, போகிறது. நடுவர் நாகர்கோவில்காரர், புதுசு, மஞ்சளில் ஒரு ஒன்பதாம் எண் பிரிட்டோ, நீலத்தில் ஒரு ஒன்பதாம் எண் பிரிட்டோ, என்னய்யா இது என்று தொபியாஸ் அண்ணனைக் கேட்கிறார், "சார், ரெண்டும் ஒரே ஆளு, நீங்க களிய நடத்துங்க" என்று பதில் வருகிறது, கரை முழுக்கச் சிரிப்பு. நான் தீர்மானித்துவிட்டேன். மெல்பா காலையில் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னாள். அதற்கு முந்தின நாள் தொபியாஸ் அண்ணன் வீட்டுக்கு வந்து அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "ஆம்பளப் புள்ளன்னா இதுக்கும் முறைதான், இப்பவே சொல்லிட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லித்தான் இங்கே எல்லாமே ஆரம்பிக்கிறது. அவர் போனபிறகு மெல்பா வெகுநேரம் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் சொன்னாள், "இன்னைக்கு முழுசா வாங்க. எந்த ஊருக்கானாலும் போட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. முழுசா வீட்டுக்கு வாங்க." அதனால் தீர்மானித்துவிட்டேன், அடிக்கப் போவதில்லை. மஞ்சளுக்கு ஒரு கோல் இருக்கிறது, நான் சும்மா ஓடினால் போதும், பந்தை இரண்டு முறை தவறவிட்டால் போதும், வடலித்துறை ஜெயிக்கும், முறை முடியும், பிள்ளை பிறக்கும்போது அதன் அப்பா ஒரே ஆளாக இருப்பான். துரோகம்தான். மாமாவின் தேன் குரல் காதில் இருக்கிறது. ஆனால் என்ன செய்ய, எனக்குப் பயமாக இருக்கிறது. பந்து என்னிடம் வருகிறது, வேண்டுமென்றே காலை ஒரு நொடி தாமதித்து விடுகிறேன், நழுவிப் போகிறது, நீலக் கூட்டம் உச்சுக்கொட்டுகிறது. "பிரிட்டோ தவறவிட்டார்" என்கிறார் கஸ்பார், "பிரிட்டோ எடுத்துக்கொண்டார், அருமை, பிரிட்டோ." மஞ்சள் ஒன்பது பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறது. டெல்வின், டெல்வின் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். ஐஸ் உடைக்கிறவன். கனத்த காலைத் தூக்கி வைத்து ஓடுகிறவன். ஆனால் இப்போது ஓடுகிற ஓட்டம் அவனுடையது இல்லை. இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒரு கண்ணைச் சுருக்கி, அது என் ஓட்டம்.

பழகியிருப்பான். ஒரே ஊரில் ஒரே மணலில் கூட ஓடியவன், பார்த்துப் பார்த்துப் பிடித்திருப்பான், இதில் என்ன அதிசயம். மூக்கைத் தோளில் துடைக்கிறான், நான் துடைப்பதுபோல. கார்னருக்கு நிற்கும்போது கட்டை விரலால் நெற்றியில் சின்னதாகச் சிலுவை போடுகிறான், அதை நான் யாருக்கும் தெரியாமல் தலைமுடியை ஒதுக்குவதுபோலச் செய்வது வழக்கம், மெல்பாவுக்கு மட்டும்தான் தெரியும், அவனுக்கு யார் சொன்னது? பந்து உயரமாக வருகிறது, அவன் எம்பித் தலையால் முட்டுகிறான், நான் கோல் பெட்டிக்கு வெளியே நிற்கிறேன், என் நெற்றியில் மணல். கையால் தடவிப் பார்த்தேன், ஈர மணல், பந்தில் ஒட்டியிருக்கிற மாதிரி மணல். காற்று, எல்லாவற்றுக்கும் காற்று இருக்கவே இருக்கிறது. "பிரிட்டோவிடமிருந்து பிரிட்டோ பறிக்கிறார். பிரிட்டோ பிரிட்டோவைத் தாண்டிவிட்டார். பிரிட்டோ விரட்டுகிறார்." கஸ்பார் தன் தொழிலைச் சுத்தமாகச் செய்கிறவர், முதுகில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் சொல்வார். முதலில் ஒவ்வொரு பிரிட்டோவுக்கும் கூட்டம் சிரித்தது. இப்போது சிரிக்கவில்லை. எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை, ஒரு கட்டத்தில் கரையில் கடல் இரைச்சலும் கஸ்பார் குரலும் மட்டும்தான் இருந்தன, முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவனைக் கூப்பிட்டேன். "டெல்வின்." திரும்பவில்லை. "லேய் டெல்வின்." திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னேன், "பிரிட்டோ." சட்டென்று திரும்பினான். வெயில் அவனுக்குப் பின்னால், முகம் தெரியவில்லை. முகம் தெரியாததில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பந்து என் காலுக்கு வந்தது. எங்கிருந்து வந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. அடிக்கக் கூடாது என்று தலை சொல்கிறது, சரி சரி என்று கால் கேட்டுக்கொள்கிறது, கேட்டுக்கொண்டே பந்தைத் தள்ளி, ஒருத்தனை ஏமாற்றி, இன்னொருத்தனுக்கு இடையில் நுழைந்து, உள்பாதத்தால் ஒரு தடவு தடவுகிறது. வலை ஆடுகிறது. பாழாய்ப்போன கால். சோறு போடுகிற கால், பேச்சுக் கேட்காத கால். நீலக் கூட்டம் மணலை வாரி வீசுகிறது, மாமா இரண்டு கையையும் விரித்து, "சமமாக்கும் மக்கா, சமமாக்கும், நீதி செஞ்சிட்டே" என்று குதிக்கிறார். நீதி. எனக்குச் சந்தோஷம் துளிகூட இல்லை, அதைவிட மோசம், நான் அந்தக் கோலை அடிக்கவில்லை, பார்த்தேன். பின்னால் இருந்து பார்த்தேன். நீல முதுகு, ஒன்பது, பிரிட்டோ, வலது கால் வீசுவது, பந்து உருள்வது, எல்லாம் நன்றாகத் தெரிந்தது. கோல் அடிக்கிறவனுக்குத் தன் முதுகு எப்படித் தெரியும்? ஒன்றுக்கு ஒன்று. இப்படியே முடிந்தால் இன்னொரு வருஷம். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, எழுந்து நிற்கும், தொபியாஸ் அண்ணன் அதன் காலைப் பிடித்துப் பார்த்து வலதா இடதா என்பார். மெல்பா பாலத்தில் நிற்பதாகச் சொன்னாள், ஏறிட்டுப் பார்க்கிறேன், பாலத்தில் வரிசையாகத் தலைகள், எது அவள் என்று தெரியவில்லை. பாதியாக வீட்டுக்குப் போக முடியாது. இனி ஒரே வழி இன்னொன்று அடிப்பது. கூடவும் வேண்டாம் என்ற மாமாவுக்குக் கூடச் செய்வது, ஈச்சன்விளைக்கு முழுசாகப் போவது. ஓடினேன். ஓடும்போது மூச்சு இரண்டாகக் கேட்டது, என் மூச்சு, அதற்கு அரைநொடி பின்னால் இன்னொரு மூச்சு. நடுவட்டத்தில் பந்து தனியாகக் கிடக்கிறது. இந்தப் பக்கமிருந்து நான், அந்தப் பக்கமிருந்து மஞ்சள். யாரும் சத்தம் போடவில்லை, அந்தச் சத்தமில்லாத இடம் அதுதான், நான் நின்று விரல் எண்ணிய இடம். அவன் காலை நீட்டுவதற்கு முன்பே எந்தக் கால் என்று எனக்குத் தெரியும், இடது. நான் இடதை நீட்டினேன். அவனும் இடதை நீட்டினான். நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது, அவனுக்கும் தோன்றியிருக்கும், இருவரும் நிறுத்தவில்லை.

பச்சைத் தென்னை மட்டை முறிகிற சத்தம். எங்கிருந்தோ கேட்டது, பிறகு அது என் முழங்காலுக்குக் கீழே இருந்து வந்தது என்று தெரிந்தது. வலி இல்லை, வெறும் சத்தம்தான். "பிரிட்டோ விழுந்துவிட்டார்" என்றார் கஸ்பார். ஒரு நொடி விட்டு, "பிரிட்டோ எழுந்துவிட்டார்" என்றார். கூட்டம் கைதட்டியது. நான் எழுந்திருக்கவில்லை. வானம் நேர் மேலே இருந்தது, அதற்குள் தலைகள் வந்தன, நீலத் தலைகளும் மஞ்சள் தலைகளும், நான்கு பேர் தூக்கி நடுக்கோடு முடிகிற ஓரத்தில் மணலில் கிடத்தினார்கள், தலை ஈச்சன்விளை பக்கம், கால் வடலித்துறை பக்கம். இப்போது வலி வந்தது. வந்த வலியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் காலுக்குக் கட்டுப் போடுகிற வைத்தியர் குனிந்து பார்த்து, தொட்டு, உதட்டைப் பிதுக்கினார். "இனி களி இல்ல" என்றார். வியாகுலம் மாமாதான் முதலில் வாயைத் திறந்தார், அதே தேன் குரல், "தொபியாசு, ஒள்ளதச் சொல்லணும், அப்பன் வழிதான் ஊரு. பய ஒங்க ஊரு ரத்தம். நாங்க எதுக்குப் பாதிக்கு நிக்கணும், முழுசா நீங்களே எடுத்துக்கிடுங்க." தொபியாஸ் அண்ணன் பின்னால் ஓர் எட்டு வைத்தார். "அதெப்படி? காலு ஒடஞ்சது ஒங்க சட்டையிலேல்லா? இந்த நேரம் இவன் ஒங்க ஆளு. நாங்க விட்டுத் தாறோம், முழுசா வச்சுக்கிடுங்க." "வேண்டாம் தொபியாசு, ஒங்களுக்குள்ளத நாங்க எடுக்கப்படாது." "நீங்க வச்சுக்கிடுங்க மாமா, எங்களுக்கு வருத்தமே இல்ல." மூன்று வருஷமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை, முழுசா, முழுசா, என் தலைக்கு மேலே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தது, நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அழுகை வந்தது. கால் வலிக்காக என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

களி நிற்கவில்லை. முறைக் களியை நடுவில் நிறுத்தக் கூடாது. "பிரிட்டோ பந்தோடு போகிறார்" என்றார் கஸ்பார், என் தொடை இறுகியது. யாரும் தொடாத என் வலது பாதத்தில் பந்து பட்டது, ஈரமாக, கனமாக, மணலோடு. கண்ணை மூடினேன், மூடினால் இன்னும் நன்றாகத் தெரிந்தது, கோல்கீப்பர் முன்னால் வருகிறான், அவனுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நுழைகிற இடம் இருக்கிறது. இப்போது மூச்சு ஒன்றுதான். என் மூச்சு, முன்னாலும் பின்னாலும் வேறு எதுவும் இல்லாத மூச்சு, எத்தனை நாளாயிற்று இப்படி மூச்சுவிட்டு. நான் அடித்தேன். இந்தத் தடவை நானே அடித்தேன், முதுகைப் பார்க்கவில்லை, வலையைப் பார்த்தேன், வலை என்னைப் பார்த்து விரிந்தது. "பிரிட்டோ! பிரிட்டோ! வடலித்துறை இரண்டு!" நீண்ட விசில். என்னைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும், தொபியாஸ் அண்ணன், வைத்தியர், தூக்கி வந்த நால்வரில் மஞ்சள் இருவர், எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினார்கள், நீலக்காரர்கள் தலை குனிந்து தங்கள் பக்கம் போனார்கள், மாமா போகும்போது என்னைத் தாண்டித்தான் போனார், கீழே பார்க்காமல் தாண்டினார். கைகள் என்னைப் பிடித்தன. தொடையில், இடுப்பில், அக்குளில், எத்தனையோ கைகள், என்னைத் தூக்கித் தோளில் வைத்தார்கள், மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. கால் வலிக்கு, எறக்கி விடுங்கடே என்று சொல்ல வாயெடுத்தேன். கால் வலிக்கவில்லை, மார்பில் ஒட்டியிருந்தது ஈர மஞ்சள் ஜெர்சி. கீழே தொபியாஸ் அண்ணன் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "எங்க ஆளு, இனி முழுசும் எங்க ஆளு" என்று கத்திக்கொண்டிருந்தார். மேலே இருந்து எல்லாம் தெரிந்தது, கடல், பொழி, பாலம், பாலத்திலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கி ஓடி வருகிற மெல்பா. விழுந்துவிடப் போகிறாளே என்று எனக்குப் பதறியது. அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, கோட்டோரத்தில் நீல ஜெர்சியோடு தனியாகக் கிடந்த ஒருவன் பக்கத்தில் போய் முழங்காலிட்டாள், அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க பாக்கிறீங்க, என்னப் பாருங்க, நான் இங்க இருக்கேன்" என்று அவன் கன்னத்தில் தட்டித் தட்டிச் சொல்வது இவ்வளவு இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. அவன் அவளைப் பார்க்கவில்லை, கண்ணை மேலே நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முழுசாகத்தான் வந்திருக்கிறேன், இங்கே பார் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. மெல்பா என்று கூப்பிட்டேன், இன்னொரு முறை உரக்கக் கூப்பிட்டேன். அவள் நிமிரவில்லை.